மேலே மூடினால் உள்ளே சேரும்

மட்டாஞ்சேரியில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கும் அடுத்திருந்த அக்காவின் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். கல்யாணமான புதிதில் நானும் உங்கள் அம்மாவும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சண்டை போடுவோம். எவ்வளவு தாழ்த்தினாலும் அந்தப் பக்கத்திலிருந்து தீர்ப்பு வந்துவிடும்.

"தம்பி, தப்பு உங்க பேர்லதான். குட்டி சொல்றது ஞாயம். சோறு ஆறுது, போய்ச் சாப்பிடுங்க."

உங்கள் அம்மாவை அவர் மலையாளத்து வழக்கப்படி 'குட்டி' என்றுதான் கூப்பிடுவார். அம்மாவுக்கு வெட்கத்தில் முகம் சிவந்துவிடும். எனக்குக் கோபம் வரும். ஆனால் சண்டை அதோடு நின்றுவிடும், அதையும் சொல்ல வேண்டும்.

பிள்ளைகளே, நீங்கள் அவருக்குச் 'சுவர்ப் பெரியம்மா' என்று பெயர் வைத்திருந்தீர்கள். அது அவருக்கும் தெரியும். தலையில் பேன் இருக்கிறது என்று வீதியில் வைத்துச் சொல்லிவிட்டார் என்று பெரியவள் ஒரு நாள் முழுக்க அழுதாள். உங்களுக்கு அவர் அவ்வளவுதான், வாயை மூடத் தெரியாத ஒரு மனுஷி. அந்த வாய் எங்கிருந்து வந்தது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு எண்ணம். இப்போது நீங்களெல்லாம் பெரியவர்களாகிவிட்டீர்கள். எனக்கும் உட்கார்ந்து எழுத நேரம் இருக்கிறது.

எங்கள் தெருமுனைப் பலசரக்குக் கடையில் காலை நேரத்தில் கூட்டம் நிற்கும். அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் அவர் பருப்பைக் கையில் எடுத்துப் பார்ப்பார்.

"சேட்டா, இதில வண்டு நடக்குது."

கடைக்காரருக்கு முகம் போய்விடும். "எந்தா சேச்சி, கொறச்சு மெல்லப் பறஞ்ஞூடே?" என்பார் அவர் மலையாளத்தில். கொஞ்சம் மெதுவாகச் சொல்லக் கூடாதா என்று அர்த்தம்.

"மெல்லச் சொன்னா நீ மெல்ல உள்ள கொண்டு போய் வச்சிட்டு, நான் போன பிறகு அடுத்த ஆளுக்குத் தூக்கிக் கொடுப்பே. எல்லாரும் கேக்கட்டும்."

கோவில் விருந்தில் எல்லோரும் பாயசத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தால், "அடி பிடிச்சிருக்கு" என்று அவர் குரல் கேட்கும். சமையல்காரர் பக்கத்திலேயே நிற்பார். அடி பிடித்திருப்பது எங்கள் எல்லோருக்கும் நாக்கில் தெரிந்திருக்கும். சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது, அந்த ஆள் அவர். அதற்காக யாரும் அவரை விரும்பவில்லை.

"ஏன்க்கா இப்படி எல்லாத்தையும் உடைச்சுச் சொல்றீங்க? கொஞ்சம் மூடி மறைச்சுத்தான் போனா என்ன?" என்று உங்கள் அம்மா ஒரு தடவை கேட்டாள்.

அவர் அப்போது முற்றத்தில் துணித் திரிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்: "மேல மூடினா உள்ள சேரும், குட்டி."

அந்தச் சொல்லை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. தன் பையனின் உடம்பில் படித்தார்.

நாங்கள் அந்த வீட்டுக்குக் குடிபோனது ஐம்பதுகளின் நடுவில். அப்போது அவருக்கு ஒரு பெண்ணும் அவளுக்கு இளையவனாக ஒரு பையனும் இருந்தார்கள். பெண்ணுக்கு மூத்தவனாக ஒரு பையன் பிறந்து, சின்ன வயதிலேயே போயிருந்தான். இந்த இரண்டாவது பையனுக்கும் அதே கதை. கழுத்தில் ஒரு கட்டி வரும். அது ஆறும்போது அக்குளில் வரும். அது ஆறும்போது காய்ச்சல் வந்து, டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து ஈரலில் சீழ் என்பார். மற்றப் பிள்ளைகளுக்கு முள் குத்தினால் மறுநாள் மறந்துபோகும். அவனுக்கு முள் குத்தினால் அந்த வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியாது.

கட்டியைக் கீறிவிட்டு டாக்டர் உள்ளே ஒரு துணித் திரியைச் செருகி அனுப்புவார். தினமும் பழைய திரியை உருவிவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். மேல் தோல் சீக்கிரம் சேர்ந்துவிட்டால் பார்க்க ஆறின மாதிரி இருக்கும், அடியில் மறுபடி சீழ் கட்டும். அதனால் புண்ணை வேண்டுமென்றே திறந்து வைத்து, அடியிலிருந்து ஆறிக்கொண்டு வர விட வேண்டும். முதல் பையனுக்கு இது தெரியாமல் பச்சிலை அரைத்துப் பூசி மூடிவிட்டார்களாம். அதை அவரே எங்களிடம் சொன்னார். அவர்தான் எதையும் சொல்லிவிடுவாரே.

திரி மாற்றும் நேரத்தில் சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் பேச மாட்டோம்.

"மெல்லம்மா, மெல்ல."

"மெல்ல எடுத்தா ரொம்ப நேரம் வலிக்கும்டா. பல்லைக் கடி. ஆச்சு. ஆச்சு பாரு."

பையன் அழுதுகொண்டே சிரிக்கிற ஜாதி. தனக்கு வருகிற ஒவ்வொரு கட்டிக்கும் தெருவில் ஒருவர் பெயரை வைப்பான். கழுத்தில் உருண்டையாக வந்தது கடைக்காரச் சேட்டன். சட்டென்று வந்து சட்டென்று போனது தபால்காரர். முதுகில் வந்த ஒன்று மாதக்கணக்கில் ஆறவே இல்லை. அதற்கு என் பெயர். "பக்கத்து வீட்டு மாமா. வந்தா போகவே மாட்டார்" என்று என்னிடமே சொன்னான். அவன் அம்மா சிரித்த சத்தம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவர் சிரிப்பதை நான் அதிகம் கேட்டதில்லை.

தெருவில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. அந்த வீட்டில் சுத்தம் போதாது என்றார்கள். பாம்புக் காவில், நாகத்தைக் கும்பிடுகிற தோப்பில், யாரோ மரம் வெட்டிய சாபம் என்றார்கள். ஒரு கல்யாண வீட்டில், அவர் காதில் விழும்படியாகவே ஒரு அம்மாள் தன் பிள்ளையை இழுத்து வேறு வரிசையில் உட்கார வைத்தாள். அவர் எழுந்து போய் அந்த அம்மாள் எதிரில் நின்றார்.

"என் பிள்ளைக்கு உடம்புல சீழ் இருக்கு, நிசம்தான். ஒட்டிக்கிற நோவு இல்லன்னு டாக்டர் சொல்லியிருக்கார். ஒட்டிக்கிறதா இருந்தா முதல்ல எனக்குத்தானே ஒட்டியிருக்கணும்? பாருங்க என் கையை. நல்லாப் பாருங்க."

இரண்டு கைகளையும் அந்த அம்மாளின் முகத்துக்கு நேரே நீட்டினார். அந்த அம்மாள் பாவம், இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

அவர் கணவர் என்னோடு ஒரே கிடங்கில் வேலை பார்த்தார். மிளகு மூட்டைகளைத் தரம் பிரிக்கிற வேலை. நல்ல மனிதர், பேச்சு மட்டும் கிடையாது. "அவ எல்லாம் சொல்லிடறா, எனக்குன்னு மிச்சம் ஒண்ணும் இல்ல" என்பார். பையனைத் தோளில் போட்டுக்கொண்டு படகுத்துறைக்கு முன்னால் அவர் நடப்பார், பின்னால் குடையும் தண்ணீர்க் கூஜாவுமாக மனைவி. படகில் ஏறி எர்ணாகுளத்துக்குப் போய், ஆஸ்பத்திரியில் காத்திருந்து, ஊசி போட்டுக்கொண்டு திரும்பி வருவார்கள். இருவர் முகத்திலும் ஒரே அசதி. மழையானாலும் வெயிலானாலும் அந்த நடை மாறவில்லை. படகுக்காரர்களுக்கு அவர்களைத் தெரியும். பையனுக்காக ஓரத்து இடத்தை விட்டு வைப்பார்கள்.

ஒரு தடவை கணவருக்குக் காய்ச்சலாக இருந்ததால் நான் கூடப் போனேன். அன்றைக்கு இருந்தவர் வெளியூரில் படித்து அப்போதுதான் வந்திருந்த ஒரு இளம் டாக்டர். பையனை நிதானமாகப் பார்த்தார். பிறகு பையனின் தாயிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"அம்மா, உங்களுக்குக் கூடப்பிறந்த ஆண் பிள்ளைகள் உண்டா?"

"ரெண்டு தம்பிங்க இருந்தானுங்க. சின்ன வயசுலயே வைசூரியில போயிட்டானுங்க."

"வைசூரிதானா? நிச்சயமா?"

சொல்ல வாய் திறந்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

டாக்டர் விளக்கினார். ரத்தத்தில் வெள்ளணு என்று ஒன்று உண்டு, கிருமி உள்ளே வந்தால் அதுதான் போய்ப் பிடிக்க வேண்டும், இந்தப் பையனுக்கு அது குறைவாக இல்லை, வேண்டியதற்கு மேலேயே இருக்கிறது, ஆனாலும் வேலை நடக்கவில்லை, ஏன் என்று தனக்கும் தெரியவில்லை என்றார். சில குடும்பங்களில் பையன்களுக்கு மட்டும் இப்படி வருவதாக எழுதியிருக்கிறார்கள் என்றார். தாய்க்கு ஒன்றும் தெரியாது, அவள் சுகமாக இருப்பாள், அவள் மூலமாகப் பையனுக்கு வரும், எல்லாப் பையனுக்கும் வர வேண்டும் என்பதும் இல்லை.

"பொண்ணுக்கு?" என்று கேட்டார் அவர்.

"பொண்ணு நல்லா இருப்பா. அவளுக்குப் பிறக்கற பையனுக்கு வரலாம், வராமலும் இருக்கலாம்."

அந்த வெள்ளணுவைப் பற்றி எனக்குச் சரியாகப் புரிந்தது பல வருடம் கழித்துத்தான். இப்போது கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று வேறொரு டாக்டர் சொன்னார். அது கிருமியைத் தேடிப் போகிறது, விழுங்கியும் விடுகிறது, விழுங்கியதைக் கொல்லத்தான் முடிவதில்லை. எங்கள் கிடங்கில் ஒரு பூனை அப்படித்தான் இருந்தது. எலியைப் பிடித்துவிடும், பிடித்ததை வாயில் வைத்துக்கொண்டே திரியும். எலியும் சாகாது, பூனைக்கும் பசி தீராது. அந்தப் பையனின் உடம்பு முழுக்க அப்படிப் பூனைகள் அலைந்துகொண்டிருந்தன என்று நினைத்துக்கொண்டேன். சோம்பேறிப் பூனைகள் இல்லை. ஓயாமல் அலைந்த பூனைகள்.

டாக்டரைப் பார்த்த மறுநாளே அவர் பஸ் ஏறிப் பாலக்காட்டுக்குத் தன் தாயிடம் போனார். திரும்பி வந்து, வாசலில் பையைக்கூட இறக்காமல் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

"வைசூரி இல்லையாம். கட்டிதானாம். என் தம்பிங்க ரெண்டு பேருக்கும் இதே கட்டிதான். ஏன் சொல்லலைன்னு கேட்டேன். 'சொல்லியிருந்தா உன்னை யாருடி கட்டியிருப்பா'ன்னு என்னையே கேக்கறா. என்கிட்டகூட மூடி வச்சிருந்தா, என் அம்மா."

கணவர் உள்ளேயிருந்து வந்து பையை வாங்கிக்கொண்டார். "வா, வந்து உக்காரு" என்றார். அதற்கு மேல் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதாக எனக்குத் தெரியாது.

பையன் ஒரு மழைக்காலத்தில் போய்விட்டான். இந்த முறை கட்டி வெளியில் இல்லை, நெஞ்சுக்குள் இருந்தது. கீறித் திரி வைக்க முடியாத இடம். அதைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. படகுத்துறையில் அந்த ஓரத்து இடத்தில் கொஞ்ச நாள் யாரும் உட்காரவில்லை.

பெண் வளர்ந்தாள். அம்மாவுக்கு நேர்மாறு, வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருப்பாள். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுத் தையல் படித்தாள். உங்களுக்குப் பள்ளிச் சட்டை தைத்தது அவள்தான். கல்யாண வயது வந்ததும் உங்கள் அம்மாதான் ஆலப்புழைப் பக்கத்திலிருந்து ஒரு இடம் கொண்டுவந்தாள். பெண் பார்க்க ஒரு கூட்டமே வந்தது. மாப்பிள்ளை, அவனுடைய அம்மா, மாமாக்கள், அத்தைகள். முறுக்கும் காப்பியும் வந்தன. பெண் வந்து நமஸ்காரம் செய்துவிட்டு நின்றாள். எல்லோருக்கும் திருப்தி.

அப்போது அவர் பேசினார். "எல்லாரும் இருக்கீங்க. ஒரு விஷயம் சொல்லிடறேன்" என்று ஆரம்பித்து, இரண்டு பையன்கள், இரண்டு தம்பிகள், டாக்டர் சொன்னது என்று ஒன்று விடாமல் சொல்லி முடித்தார். "இவளுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா இவளுக்குப் பிறக்கற பையனுக்கு வரலாம். நாளைக்கு நீங்க என்னைக் கேக்கக் கூடாது."

மாப்பிள்ளையின் அம்மா எழுந்திருக்கவில்லை. இன்னும் ஏதோ கேட்க நினைத்த மாதிரிதான் இருந்தாள். ஆனால் ஒரு மாமா எழுந்துவிட்டார்.

"ஏனம்மா, இதெல்லாம் சபையில சொல்ற விஷயமா? தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தா யோசிச்சிருப்பாங்க. இத்தனை பேர் காதுல போட்ட பிறகு நாங்க எப்படிக் கேக்காத மாதிரி இருக்கறது?"

ஒருவர் எழுந்தால் எல்லோரும் எழ வேண்டும், சபை வழக்கம் அது. காப்பி பாதியில் நின்றது.

அன்று பிற்பகல் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெண்ணின் குரல் கேட்டது. அவள் அவ்வளவு உரக்கப் பேசி நாங்கள் கேட்டதில்லை.

"உங்க அம்மா உங்க கல்யாணத்துல எல்லாத்தையும் சொல்லியிருந்தா அப்பா உங்களைக் கட்டியிருப்பாராம்மா?"

அவளே பதிலும் சொன்னாள்.

"கட்டியிருக்க மாட்டார். அப்போ நான் பிறந்திருப்பேனா? தம்பி பிறந்திருப்பானா? பிறக்காம இருந்திருந்தா நல்லதுன்னு நினைக்கறீங்களா, சொல்லுங்க. நீங்கதான் எல்லாம் சொல்லுவீங்களே."

நானும் உங்கள் அம்மாவும் சமையலறையில் அசையாமல் நின்றோம். அவர் வாயிலிருந்து ஒரு பதில் வரும் என்று காத்திருந்தோம். கடைசியில், "இனி நான் வாய் திறக்கல" என்று மட்டும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. கூடையை இறக்கி வைப்பவள் மாதிரி சொன்னார்.

அடுத்த இடம் திருச்சூரிலிருந்து வந்தது. மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை, அம்மாதான். ஆனால் கூட வந்த சொந்தம் முன்னதைவிட அதிகம். உங்கள் சுவர்ப் பெரியம்மா என்ன செய்தார் தெரியுமா? அவர்கள் வாசலில் கால் வைக்கும் முன்பே, இரண்டு கன்னமும் உப்புகிற அளவுக்கு வெற்றிலை பாக்கை வாயில் அடைத்துக்கொண்டு வந்து சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. வெற்றிலைக் காரம் என்று நினைத்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

"சம்பந்தியம்மா ஒண்ணும் பேச மாட்டேங்கறாங்களே" என்றார் வந்தவர்களில் ஒரு பெரியவர்.

"அவளுக்குப் பல் வலி" என்றார் கணவர்.

எனக்குத் தெரிந்து அந்த மனிதர் சொன்ன ஒரே பொய் அது. பல் வலிக்கிறவள் வெற்றிலை மெல்லுவாளா என்று யாரும் கேட்கவில்லை. அங்கேயே நிச்சயம் ஆனது. கல்யாணமும் நடந்தது.

அதற்குப் பிறகு அவர் வேறு ஆளாகிவிட்டார். நாங்கள் சண்டை போட்டால் தீர்ப்பு வருவதில்லை, எங்கள் சண்டையும் நீண்டுகொண்டே போனது. கடையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். கடைக்காரச் சேட்டன் ஒரு நாள் என்னை நிறுத்தி, "சேச்சிக்கு சுகமில்லே? பருப்பில வண்டு உண்டு, அவரு ஒந்நும் பறயணில்லா" என்று கேட்டார். வண்டு இருந்தும் அவர் ஒன்றும் சொல்லாமல் போவது அந்த மனிதருக்குப் பொறுக்கவில்லை. வேண்டாம் என்று நினைத்த குரல் நின்றுபோனதும் தெருவே ஏதோ காணாமல் போன மாதிரி இருந்தது.

ஒரு சாயங்காலம் முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவரிடம், "என்னக்கா, உடம்பு இளைச்சிருக்கே" என்றேன்.

"சேருது தம்பி, உள்ள" என்றார்.

வழக்கப்படி முதல் பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்கு வந்தாள். பையன் பிறந்தான். தெருவில் சர்க்கரை கொடுத்தார்கள். கணவர் கொடுத்தார், அவர் வெளியே வரவில்லை. குழந்தை யார் ஜாடை, நிறம் எப்படி என்று பார்க்க வந்தவர்கள் கேட்டார்கள். அவர் எதையும் காதில் வாங்காமல் குழந்தையின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருப்பார் என்று உங்கள் அம்மா வந்து சொன்னாள். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவருடைய இரண்டு பையன்களுக்கும் நோவு முதலில் தொப்புளில்தான் காட்டியதாம். கொடி சீக்கிரத்தில் விழவில்லையாம். விழுந்த பிறகும் ஈரம் காயாமல் சீழ் வைத்ததாம். மற்ற பிள்ளைகளுக்கு அது எப்போது காய்ந்தது என்று எந்தத் தாய்க்கும் நினைவிருக்காது. அவர் அந்த ஒரு இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், பெண்ணிடமும் சொல்லாமல், தன் கணவரிடமும் சொல்லாமல். குளிப்பாட்டித் துடைத்து, வெளிச்சத்தில் காட்டி, குனிந்து முகர்ந்து பார்ப்பார். ஒரு நாள் கொடி விழுந்தது. அதற்குப் பிறகும் பார்த்தார்.

பேர் வைக்கிறதற்குத் திருச்சூரிலிருந்து மாப்பிள்ளையும் அவன் அம்மாவும் வந்தார்கள். இந்தத் தடவை சொந்தம் யாரும் இல்லை, அவர்கள் இருவர் மட்டும். உங்கள் அம்மா உதவிக்குப் போயிருந்தாள், என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். மாப்பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு நேரே வந்தான். குழந்தையைக் கையில் வாங்கவில்லை, முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. மாமியாரிடம் கேட்டான்:

"அத்தை, தொப்புள் காய்ஞ்சுதா?"

அவர் கையிலிருந்த தேநீர்த் தம்ளர் சாய்ந்து தரையெல்லாம் சாயாவானது.

"காய்ஞ்சுது, மாப்ளே" என்றார். பிறகுதான் கேள்வியே அவருக்கு உறைத்தது. "உங்களுக்கு... அது உங்களுக்கு யார் சொன்னா?"

மாப்பிள்ளை தன் அம்மாவைப் பார்த்தான். அம்மா மருமகளைப் பார்த்தாள். மருமகள் உங்கள் அம்மாவைப் பார்த்தாள். நான்தான் ஒன்றும் தெரியாமல் எல்லோரையும் பார்த்தேன்.

"நிச்சயத்துக்கு முந்தியே சொல்லிட்டேன்ம்மா" என்றாள் பெண். "இந்த அக்காகிட்டச் சொல்லி, அவங்களைத் திருச்சூருக்கு அனுப்பினேன். ஒண்ணு விடாம, தம்பிக்குத் தொப்புள் காயாம இருந்ததுகூட."

உங்கள் அம்மா அந்த நாட்களில் ஏதோ வேண்டுதல் என்று சொல்லித் திருச்சூர் போய் வந்தது எனக்கு நினைவு வந்தது. என்னிடம்கூட மூச்சு விடவில்லை.

"சபையில வேண்டாம்னு நான்தான் சொன்னேன்" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. "எங்க கூட்டத்தைப் பத்தி எனக்குத் தெரியும். பத்துப் பேர் காதுல விழுந்தா பத்துப் பேரும் தீர்ப்புச் சொல்லுவாங்க. இவன் ஒரே பிடியா நின்னான். பையன் பிறந்தா பாதிக்குப் பாதி பயம், அந்தப் பயம் இல்லாத வீடு எதும்மான்னு கேட்டான். எனக்குப் பதில் தெரியல."

"என்கிட்ட ஒரு வார்த்தை..."

"உங்ககிட்டச் சொன்னா ரகசியம் நிலைக்காதுன்னு உங்க பொண்ணுதான் சொன்னா."

பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "அவங்களுக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரிஞ்சா, அன்னிக்கு அதையும் சபையில சொல்லியிருப்பீங்கம்மா. கல்யாணம் ஆன பிறகு சொல்லலாம்னு இருந்தேன். எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல. நாள் போயிடுச்சு."

அவர் கீழே உட்கார்ந்தார். சாயா ஓடிய தரையிலேயே உட்கார்ந்தார். அத்தனை நாள் வெற்றிலையும் மௌனமுமாகக் கட்டிக் காத்தது எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை. அழப் போகிறார் என்று நினைத்தேன், அல்லது பெண்ணை அடிக்கப் போகிறார் என்று. பெண்ணும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவர் மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார்.

"மாப்ளே, உங்க சட்டைக் காலர்ல அழுக்கு."

மாப்பிள்ளை திகைத்துப் போய்க் காலரைத் தொட்டுப் பார்த்தான்.

"கல்யாணத்தன்னிக்கும் இருந்தது. சொல்லல." அவர் சம்பந்தியம்மாள் பக்கம் திரும்பினார். "உங்க வீட்டுச் சாம்பார்ல புளி ஜாஸ்தி. மறுவீட்டுக்கு வந்தப்போ சாப்பிட்டேன். சொல்லல. உங்க அண்ணன், அந்தக் குட்டை ஆளு, பந்தியில ரெண்டு இலைப் பலகாரத்தை மடியில கட்டினார். நான் பார்த்தேன். சொல்லல."

"அம்மா, போதும்" என்றாள் பெண்.

"போதாது" என்றாள் சம்பந்தியம்மாள். அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கப் பார்த்தாள், முடியாமல் சிரித்துவிட்டாள். "இன்னும் என்ன இருக்கு, சொல்லுங்க."

இன்னும் நிறைய இருந்தது. உங்கள் அம்மா அரைக்கிற இட்லி மாவு, கடைக்காரரின் தராசு, என் குறட்டை, கணவர் சொன்ன பல் வலிப் பொய். எல்லாம் வரிசையில்லாமல் வந்தது. சொல்லச் சொல்ல அவர் குரல் தணிந்துகொண்டே போனது. குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கும்போது பெண் கையை எப்படித் தப்பாகப் பிடிக்கிறாள் என்று சொல்ல ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தினார். தலை சுவரில் சாய்ந்திருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

பெண் பதறிப்போய் அருகில் குனிந்தாள்.

"விடு, எழுப்பாதே" என்றார் அவர் கணவர், தரையைத் துடைக்கத் துணியோடு வந்தவர். "பிள்ளை பிறந்ததிலேர்ந்து அவ தூங்கவே இல்ல."

சாப்பாட்டு இலைகளை நாங்கள் அடுத்த அறையில் போட்டுக்கொண்டோம். குழந்தை அழுதது, அவர் எழுந்திருக்கவில்லை. மாப்பிள்ளை அதை வாங்கி, கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோய்த் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றான்.